காயலான் கடையில் ஓர் இரும்புக் கை



"காயலான் கடை" என்ற சொல்லைக் கேளாத தமிழர் இருக்க முடியாது. ஓட்டைக் குடம், ஓடாத மோட்டார், காம்பு கழன்ற மண்வெட்டி என வீட்டுக்கு ஆகாதவை எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் அது. காயல்பட்டினத்து வணிகர்களை ஒட்டி வழங்கலான பெயர் என்பர். ஒன்றுக்கும் உதவாததைக் குறிக்க, "காயலான் கடைக்குத்தான் லாயக்கு" என்று ஏளனமாகச் சொல்வதும் உண்டு. அப்படிச் சொல்வோர் அக்கடைக்குள் ஒரு நாளேனும் நுழைந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறேன். பிறர் வேண்டாமென்று கழித்தவற்றுள் வேண்டியதைக் கண்டெடுக்கும் கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியின் பழைய இரும்புக் கடைகளிலும் பட்டறைகளிலும் அவ்வாறு கண்டெடுக்கப்படும் ஒரு கருவியைப் பற்றியே உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

அதன் பெயர் வைஸ். பட்டறை மேசையின் விளிம்பில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருப்பதால் பெஞ்ச் வைஸ் என்பார்கள். கேட் செய்யும் வெல்டிங் கடையிலோ, சைக்கிள் கடையிலோ நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். பெயர் கேட்டிருக்க மாட்டீர்கள். இரண்டு தாடைகள். ஒன்று அசையாது, மற்றொன்று திருகின் வழியே முன்னும் பின்னும் நகரும். கைப்பிடியைச் சுழற்றினால் தாடைகள் நெருங்கி, இடையில் வைத்த இரும்பைக் கவ்விக்கொள்ளும். இவ்வளவுதான் அதன் வேலை. ஆயினும் இந்த வேலையின் அருமையை நம் இல்லத்தரசியர் நன்கறிவர். அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டால்தானே இரண்டு கைகளும் காய்க்குக் கிடைக்கின்றன? அங்கே அசையாமல் நிற்பது வெட்டும் அலகு; இங்கே அசையாமல் நிற்பது வெட்டப்படும் பொருள். தொழிலாளிக்கு மூன்றாவது கையாக நிற்பது வைஸ். அது தளர்ந்தால் அரம் வழுக்கும். அரம் வழுக்கினால் விரல் போகும்.

சங்ககிரிச் சாலையில்

சேலத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் சென்றால் சங்ககிரி. திப்பு சுல்தானின் படை தங்கியிருந்த கோட்டை மலை மேலே நிற்கிறது. தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்டதும் இங்கேதான். கோட்டையைக் காண வருவோர் சிலர். லாரியைப் பழுது பார்க்க வருவோரோ பலர். சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிகளால் வாழும் ஊர்கள். கூண்டு கட்டுவோர், பட்டை அடிப்போர், ரேடியேட்டர் பார்ப்போர், டயருக்கு ரப்பர் ஒட்டுவோர் என ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கொட்டகை. இடையிலுள்ள திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பேர் பெற்றது. அவ்வூர் வண்டிகள் இந்தியாவெங்கும் போகின்றன. ஆப்பிரிக்க நாடுகளுக்கும் கப்பலேறியிருக்கின்றன.

இந்தச் சாலையில் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து வருபவர் ஒன்றைக் கவனிக்கலாம். எந்தக் கொட்டகையானாலும், அதன் வாசலில் வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு வைஸ் நிற்கும். நடுவீட்டு ஊஞ்சலைப் போல அதற்கென்று ஓர் இடம். லாரிப் பட்டைகளை அடுக்கி நடு போல்ட் போடுவதற்கு, வளைந்து வீம்பு பிடிக்கும் அந்த எஃகுத் தகடுகளை முதலில் ஒன்றாக அழுத்திப் பிடித்தாக வேண்டும். அங்கே 6 அங்குலத் தாடை கொண்ட பெரிய வைஸுகளைக் காணலாம்; ஒன்றின் எடையே ஏறக்குறைய 30 கிலோ வரும். கொல்லுப் பட்டறைகளிலோ வேறு வகை. அதற்கு ஒரு நீண்ட கால் உண்டு. அது தரையில் ஊன்றி நிற்கும். வார்த்தெடுக்காமல் அடித்தே உருவாக்கிய இரும்பு அது. சம்மட்டி அடியை மேசைக்குக் கொடுக்காமல் கால் வழியே தரைக்கு இறக்கிவிடும். வார்ப்பிரும்பு வைஸில் அப்படி அடித்தால் ஒருநாள் கழுத்தோடு முறிந்து விழும்.

இவற்றுள் பழையவை எவை என்று கேட்டால், பட்டறைக்காரர்கள் பக்கவாட்டில் படிந்த கிரீஸைக் கந்தைத் துணியால் துடைத்துக் காட்டுவார்கள். புடைத்த எழுத்துகள் தெரியும். சில வேளை "ரெகார்டு" என்றிருக்கும். அது 1898-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாம்ப்டன் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனத்தின் முத்திரை. நீல வண்ணம் அதன் அடையாளம். அரிதாகப் "பார்க்கின்சன்" என்றிருக்கும். அது யார்க்ஷயரின் ஷிப்லி ஊரில் செய்தது. அதில் ஒரு நெம்புகோலை அழுத்தினால் நட்டு திருகை விட்டு விலகும். சுற்றிச் சுற்றிக் கை வலிக்காமல் தாடையை ஒரே இழுப்பில் திறந்துவிடலாம். மில்களும் ரயில்வே பட்டறைகளும் ஏலம் விட்டபோது இவை இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன என்று முதியவர்கள் சொல்கிறார்கள். ஜலந்தரிலும் லூதியானாவிலும் செய்தவையே இன்று கடைகளில் மிகுதி. அவற்றுள்ளும் நல்லவை உண்டு. வெள்ளைக்காரன் செய்தது என்பதற்காகவே ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கஞ்சமலையும் ஷெஃபீல்டும்

ஆனால் ஷெஃபீல்டு என்ற பெயரைச் சேலத்தில் படிக்கும்போது எனக்கு ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. சற்றே விலகிச் சொல்கிறேன், பொறுத்தருள்க.

சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை இருக்கிறது. காந்தத்தை இழுக்கும் கருங்கனிமம் நிறைந்த மலை. இன்று அதன் அருகே இருப்பது துருப்பிடிக்காத எஃகுக்குப் பெயர் பெற்ற சேலம் உருக்காலை. 1970-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. ஆனால் அதற்கு மிக முன்பே இந்த வட்டாரத்து உலைகளில் இரும்பும் எஃகும் உருகின. அந்த எஃகின் சிறப்பைக் கண்டு வியந்தவர்களுள் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணியிலிருந்தவர். அதை விட்டு விலகி, 1830-களில் நம் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலை நடத்தினார். அதற்குக் கனிமம் சேலத்துப் பகுதியிலிருந்து போயிற்று. பரங்கிப்பேட்டை வாசகர்கள் தம் ஊரின் கப்பல் வணிகத்தைப் பெருமையோடு பேசுவார்கள். இந்த உலைகளையும் அதனோடு சேர்த்துப் பேசலாம்.

பின்னர் இங்கிலாந்து திரும்பிய ஹீத், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் அது மேம்படும் என்பதைக் கண்டறிந்து 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு எஃகுத் தொழில் அந்த முறையால் பெரும் பயன் அடைந்தது. கண்டுபிடித்தவருக்கோ பலன் கிட்டவில்லை. வழக்குகளிலேயே அவர் காலம் கழிந்தது. எனவே சேலத்துப் பழைய இரும்புக் குவியலில் ஷெஃபீல்டு வைஸ் ஒன்று கிடந்தால், அதன் தாடையில் பதித்த எஃகுத் தகட்டின் பரம்பரையில் இந்த மண்ணின் உலைக்கும் ஒரு மெல்லிய உறவு உண்டு. வைஸே சேலத்து இரும்பு என்று சொல்லவில்லை. உறவு என்றுதான் சொல்கிறேன்.

"வேலை செய்வீங்களா?"

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் செல்லும் வழியில், ஒரு சிற்றூரின் சாலையோரத்தில், முதிய ஆசாரியார் ஒருவரின் பட்டறையைக் காலி செய்கிறார்கள் என்று பழைய இரும்புக் கடை நண்பர் ஒருவர் மூலம் தெரிந்தது. எங்கள் மதரஸாவின் பின்கட்டில், அஸருக்குப் பின் பெரிய பிள்ளைகள் சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் பழுது பார்க்கக் கற்கும் ஒரு சிறு கொட்டகை உண்டு. அதற்கு ஒரு வைஸ் தேடிக்கொண்டிருந்தேன். நண்பரோடு நானும் சென்றேன்.

ஆசாரியாருக்கு எண்பதை நெருங்கும் வயது. மகன் ரிக் வண்டியில் வடநாட்டில் இருக்கிறார். பட்டறையை இடித்துவிட்டுக் கடைகள் கட்டி வாடகைக்கு விட ஏற்பாடு. அதில் நாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்பது ஆண்டுகள் தந்தை இரும்புத் தூள் சுவாசித்ததைப் பார்த்த மகன் அவர். துருத்தியும் பட்டடையும் முன்பே போய்விட்டன. மிஞ்சியவை இரண்டு வைஸுகள். பெரியது 6 அங்குலம். பெயர் எழுத்து ஏதுமில்லை. சிறியது 4 அங்குலம். துருவுக்கு அடியில் ரெகார்டு என்ற எழுத்தும் 3 என்ற எண்ணும் தெரிந்தன.

நண்பர் தராசை எடுத்து வைத்தார். அவர் கணக்கில் இரண்டும் வார்ப்பிரும்பு, கிலோவுக்கு இவ்வளவு. நான் சிறியதைத் தடவிப் பார்ப்பதைக் கண்ட ஆசாரியார் கேட்டார்:

"ஏனுங்க பாய், இத வெச்சு வேலை செய்வீங்களா, இல்ல பெயிண்ட் அடிச்சுப் பாத்துட்டு இருப்பீங்களா?"

"பிள்ளைகள் வேலை பழகுவதற்குத்தான் அய்யா."

"அப்பச் செரிங்க. போன மாசம் ஒருத்தர் காருல வந்தாருங்க. ஊட்டுல கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெக்கோணும்னாரு. அவருக்கு நான் தரலீங்க."

அந்தக் காரில் வந்தவரைப் பற்றியும் நான் கடுமையாகச் சொல்ல மாட்டேன். மேலை நாடுகளில் இது ஒரு பெரும் பொழுதுபோக்கு. 1941-இல் சிகாகோவில் தொடங்கிய வில்டன் நிறுவனத்தின் துப்பாக்கிக் குண்டு வடிவ வைஸுகளை, நாம் தபால்தலை சேர்ப்பதைப் போல ஆண்டு பார்த்துச் சேர்க்கிறார்கள். சேர்ப்பவர் இல்லாவிட்டால் அவற்றுள் பல உலைக்குப் போயிருக்கும். ஆயினும், பிடிப்பதற்கென்றே பிறந்த ஒன்றைக் கண்ணாடிக்குள் வாய் மூடி நிறுத்தி வைப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆசாரியாருக்கும் ஒப்பவில்லை.

பெரிய வைஸைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். நகரும் தாடையின் கழுத்தில் ஒரு வெடிப்பு. முன்பு யாரோ சாதாரண வெல்டிங் ராடு கொண்டு ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய இடத்துக்கு அருகிலேயே மறுபடி விரிந்திருந்தது. வார்ப்பிரும்பின் குணம் அது. மெதுவாகச் சூடேற்றி, நிக்கல் ராடு கொண்டு சிறிது சிறிதாக ஒட்டி, சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அல்லது பித்தளைக் கம்பி கொண்டு கேஸ் வெல்டிங்கில் பற்றவைக்க வேண்டும். அப்படியே செய்தாலும் அரம் போடும் மெல்லிய வேலைக்குத்தான் ஆகும். லாரிப் பட்டையின் வீம்பைத் தாங்காது. "இது போகட்டுங்க" என்றார் ஆசாரியார். அது தராசில் ஏறிற்று. சிறியதற்கும் எடைக்கு என்ன விலையோ அதற்கு மேல் ஒரு காசும் வாங்க மறுத்துவிட்டார். ஏறக்குறைய 15 கிலோ எடையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஊர் திரும்பினேன். நடத்துநர் சுமைக் கட்டணம் கேட்டார், நியாயந்தான்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

உங்களில் எவரேனும் இப்படி ஒன்று வாங்க நேர்ந்தால், பளபளப்பைப் பார்க்காதீர்கள். துரு பெரும்பாலும் தோலோடு நிற்கும். ஸ்பானரால் மெல்லத் தட்டிப் பாருங்கள். வெடிப்பில்லாத வார்ப்பு தெளிவாக ஒலிக்கும். வெடித்தது உடைந்த மண்பானை போல் மந்தமாக ஒலிக்கும். போல்ட் போடும் காதுகளையும், தாடைக் கழுத்தையும், வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு கைப்பிடியை முன்னும் பின்னும் அசையுங்கள். தாடை நகராமலே கைப்பிடி வெகு தூரம் சுழன்றால் மரை தேய்ந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் தேய்வது திருகு அன்று. அதைத் தாங்கும் நட்டுதான். நட்டை லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். இந்த வட்டாரத்தில் அதற்கு வெகு தொலைவு போக வேண்டியதில்லை. தாடைத் தகடுகள் தேய்ந்திருந்தாலும் கவலை வேண்டாம். இரண்டு திருகுகளில் நிற்பவை, மாற்றிவிடலாம். உடல் முறியாமல் இருந்தால் மற்றெல்லாம் பரிகாரம் உள்ள குறைகளே.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் மண்ணெண்ணெயில் 3 நாள் ஊறப்போட்டோம். இறுகிய இடத்தைச் சுத்தியலால் அடித்துத் திறக்க முயலக் கூடாது. ஊறலும் மெல்லிய சூடும் பொறுமையுமே திறக்கும். கைப்பிடியை இடப்பக்கம் சுற்றச் சுற்ற நகரும் தாடை முழுதாக வெளியே வந்துவிட்டது. உள்ளே பல்லாண்டுக் கிரீஸும் இரும்புத் தூளும் சேர்ந்து களிமண்ணைப் போலக் கெட்டியாய் இருந்தன. சிறு பாகங்களைப் புளிக்கரைசலில் போட்டோம். பித்தளைக்கு நம் வீட்டில் செய்வதுதான், இரும்பின் துருவுக்கும் அது பேசும்.

உடலுக்கு மின்சார முறை. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு கரண்டி சலவைச் சோடா. லாரி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியின் எதிர்முனையை வைஸிலும், நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டிலும் கோத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் மூழ்க வைத்தோம். ஒரு நாளில் துரு கருஞ்சேறாக உதிர்ந்தது. இதில் இரண்டு எச்சரிக்கைகள். தகட்டுக்குப் பதிலாக எவர்சில்வரைப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நஞ்சாகி நீரில் கலக்கும். வேலை நடக்கும்போது எழும் குமிழி ஹைட்ரஜன் வாயு. திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், அருகில் தீப்பொறி கூடாது. மூன்றாவதாக ஒன்று, தாய்மார்களுக்கு: பழைய கருவிகளின் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். ஈரப்படுத்திச் சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் மடித்து அகற்றுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டுத் திண்ணையில் இந்த வேலையே வேண்டாம்.

நட்டு எங்களுக்குப் புதிதாகத் தேவைப்படவில்லை. தாடைத் தகடுகளை மட்டும் மாற்றினோம். நகரும் பாகத்துக்குப் பெயிண்ட் அடிக்காமல் எண்ணெய் பூசினோம், திருகுக்குக் கிரீஸ். மற்ற இடத்துக்கு நீலம் அடிக்க வேண்டுமென்று பிள்ளைகள் ஒரே குரலில் கேட்டார்கள். அடித்தோம். (ஆசாரியார் பார்த்தால் சிரிப்பார்.)

மேசையில் பொருத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. அசையாத தாடையின் முகம் மேசை விளிம்பைவிடச் சற்றே வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் நீண்ட கம்பியைச் செங்குத்தாகத் தரை வரை தொங்கவிட்டுப் பிடிக்க முடியும். கைப்பிடியில் குழாயைச் செருகி நீட்டி இறுக்குவது வைஸைக் கொல்லும் வழக்கம். அதை முதல் நாளே தடை செய்துவிட்டோம். மெல்லிய பொருளைப் பிடிக்கும்போது தாடையின் பற்கள் பதியாதிருக்க, அலுமினியத் தகட்டை மடித்து உறை செய்து மாட்டிக்கொள்கிறார்கள்.

இரும்பு தம் கையில் இளகிக் கொடுக்கக் கவசம் செய்து, தம் உழைப்பில் உண்ட தாவூது நபி (அலை) அவர்களின் வரலாற்றைப் பாடமாகக் கேட்ட பிள்ளைகள், நம் கைக்கு அது இளகுவதில்லை என்பதை அரம் பிடித்த முதல் நாளிலேயே அறிந்துகொண்டார்கள். ஒரு சதுர இரும்புத் துண்டின் நான்கு பக்கங்களையும் நேராக அராவுவதே முதல் பாடம். வைஸ் உறுதியாய் நின்றது, கோணியது கைதான். இதுவரை ஒருவன் மட்டும் மூன்று பக்கங்களை நேராக்கியிருக்கிறான்.

இப்போது ஒரே சிக்கல் உயரம். தாடையின் மேல்விளிம்பு நிற்பவரின் முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும் என்பது விதி. பதின்மூன்று வயதுக்காரனும் பதினேழு வயதுக்காரனும் ஒரே வைஸில் வேலை செய்கிறார்கள். மேசையைப் பெரியவனுக்கு அமைத்துவிட்டு, சின்னவர்கள் ஏறி நிற்க இரண்டு பலகைகள் அடித்துப் போட்டிருக்கிறோம். அவற்றை அடித்ததும் அந்த வைஸில் பிடித்துத்தான்.